நான் மகம் இல்லையாம்

டிப்போவில் எனக்குப் பெயர் பஞ்சாங்கம். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நேரில் "மேடம்"தான். ஆனால் டிரைவர்கள் ஓய்வறையைத் தாண்டிப் போகும்போது, "பஞ்சாங்கம் வருது, காலை மடக்குங்கப்பா" என்ற குரல் தெளிவாகவே காதில் விழும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. சொல்லப்போனால் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பஸ்களுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. எந்த வண்டி எப்போது எங்கிருந்து கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எப்போது சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் என் மேஜையில்தான் முடிவாகும். நேரத்தை வைத்துப் பிழைக்கிறவள் நேரத்துக்கு மரியாதை கொடுப்பதில் என்ன தப்பு?

மரியாதை என்பது நான் அடக்கமாகச் சொல்லும் சொல். வீட்டில் வேறு சொற்கள் புழக்கத்தில் இருந்தன. காலையில் எழுந்ததும் சுவரில் தொங்கும் காலண்டரில் நேற்றைய சீட்டைக் கிழித்து, இன்றைக்கு என்ன திதி, என்ன நட்சத்திரம், அது எதுவரைக்கும், ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவேன். துணி துவைக்கும் மெஷினைக் குளிகை நேரம் பார்த்து வாங்கினேன். குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். நடந்தது. மெஷின் இரண்டு முறை பாழாகி, இரண்டு முறை புதிதாக வாங்கினோம். என் வீட்டுக்காரர் அதைச் சுட்டிக்காட்டியபோது, "பாத்தீங்களா, எப்படிப் பலிச்சிருக்கு!" என்றேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் கதவு வழியாகப் பேசிப் பேசிப் பழகியவர். எந்தப் பதற்றத்துக்கும் அவரிடம் இருப்பது ஒரே பதில்தான்: "கொஞ்ச நேரந்தான், பொறுமையா இருங்க." இருபத்திரண்டு வருஷமாக என்னையும் அப்படித்தான் சமாளித்து வருகிறார்.

வீட்டில் மூன்றாவது ஆள் அத்தை, அதாவது என் மாமியார். நகராட்சி நீச்சல் குளத்தில் முப்பது வருஷம் நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றும் ஓயவில்லை. எழுபத்து நாலு வயதில் தினமும் காலையில் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிக் குளத்துக்குப் போய் நீந்திவிட்டு வருவார். ராகு காலமாவது எமகண்டமாவது! "தண்ணி எந்நேரமும் ஈரமாத்தான் இருக்கு" என்பார். அவருக்கும் எனக்கும் பெரிய சண்டை இருந்ததில்லை. பெரிய ஒட்டுதலும் இருந்ததில்லை. ஒரே ரூட்டில் எதிரெதிரே ஓடும் இரண்டு பஸ் மாதிரி, தாண்டிப் போகும்போது விளக்கை மினுக்கிக்கொள்வோம். அவ்வளவுதான்.

இனி என் நட்சத்திரத்துக்கு வருகிறேன். எல்லா வினையும் அதில்தான்.

நான் மகம் நட்சத்திரம், சிம்ம ராசி. பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். மகத்தில் பிறந்தவர்கள் ஆளப் பிறந்தவர்களாம். சிம்மம் என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவி ஆனேன், சிம்மம். டிப்போ மேனேஜரை எதிர்த்துப் பேசினேன், சிம்மம். கடையில் மீதிச் சில்லறைக்காக மல்லுக்கு நின்றேன், அதுவும் சிம்மம். "எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, என்ன பண்றது, சிம்ம ராசி" என்று நான் சொல்லும்போது என் குரலில் இருக்கும் வருத்தம் சுத்தப் பொய்.

சிம்மத்துக்கும் மாதத்தில் ஒரு கஷ்டகாலம் உண்டு. நம் ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் உட்காரும் இரண்டேகால் நாள். சந்திராஷ்டமம் என்பார்கள். அன்றைக்கு யாரிடமும் வாயைக் கொடுக்கக் கூடாது, புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. நான் அதை அணுவளவும் பிசகாமல் கடைப்பிடித்தேன். அந்த நாட்களில் ஊமைக்கோட்டான் மாதிரி இருப்பேன். ஆனால் மனதில் இருப்பதையெல்லாம் அத்தனை நாள் எப்படி அடக்கி வைப்பது? அதனால் சந்திராஷ்டமம் தொடங்குவதற்கு முந்தின இரண்டு நாளில் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிடுவேன். சம்பள உயர்வு கேட்பது, பக்கத்து வீட்டுக்காரியிடம் குப்பைத் தொட்டி விஷயத்தைக் கேட்பது, நாத்தனாருக்குப் போன் போட்டு அவள் சொன்னதாகக் கேள்விப்பட்டதை அவளிடமே கேட்பது, எல்லாம் அந்த இரண்டு நாளில். எல்லாம் சண்டையில்தான் முடியும். சம்பள உயர்வு ஒரு தடவையும் கிடைக்கவில்லை. நல்ல வேளை, சந்திராஷ்டமத்தில் கேட்டிருந்தால் வேலையே போயிருக்கும் என்று தேற்றிக்கொள்வேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், புதுப் போன் வாங்கியதும் ஒரு பஞ்சாங்கச் செயலியை இறக்கிக்கொண்டேன். பிறந்த தேதி, நேரம், ஊர் கேட்டது. பதினொன்றாம் தேதி, காலை நாலே முக்கால், ஊர் என்று எல்லாம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது: "இன்று உங்களுக்குச் சந்திராஷ்டமம். நிதானம் தேவை."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் சந்திராஷ்டமம் எப்போது என்று எனக்குத் தெரியாதா? சந்திரன் இன்னும் கும்பத்தில்தான் இருக்கிறது. மீனத்துக்கு வந்தால்தானே சிம்மத்துக்கு எட்டு! சரிதான், எந்தச் சின்னப் பையன் எழுதின கணக்கோ என்று நினைத்துக்கொண்டு செயலிக்குள் போய் என் ஜாதகத்தைத் திறந்தேன். "ஆயில்யம். கடக ராசி" என்றிருந்தது.

அந்தக் கம்பெனிக்கு நான் எழுதிய புகார் இப்போதும் என் போனில் இருக்கிறது. "இருபது ஆண்டுகளாக நேரக் கணக்கில் அனுபவம் உள்ளவள் என்ற முறையில்" என்று தொடங்கும். உங்கள் புகாருக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. அது போதவில்லை. வேலை முடிந்ததும் நேராகச் சோசியரிடம் போனேன்.

சாவி வெட்டும் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அறை. பேசும்போதெல்லாம் கீழே சாவி ராவுகிற சத்தம் கூடவே கேட்கும். மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் போனைப் பார்த்தார், தன் கணினியில் எதையோ தட்டினார், கண்ணாடியை இறக்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"செயலி சரியாத்தாம்மா சொல்லுது. நீங்க ஆயில்யந்தான்."

"சார், பதினொண்ணாந்தேதி காலண்டர்ல மகம்னு போட்டிருந்துச்சு. எங்கப்பா அந்தச் சீட்டைப் பாத்துத்தான் சொன்னாரு."

"பதினொண்ணாந்தேதி மகந்தான். யார் இல்லைன்னா? ஆனா நீங்க எத்தனை மணிக்குப் பொறந்தீங்க?"

"காலைல நாலே முக்காலுக்கு."

"அப்ப சூரியன் வந்தாச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு நாள் நடுராத்திரில மாறும். பஞ்சாங்கத்துக்கு சூரியன் உதிச்சாத்தான் மாறும். நாலே முக்காலுக்குப் பத்தாந்தேதியோட நாளே இன்னும் முடியலை. ஆயில்யம் விடியக்காலை அஞ்சரை வரைக்கும் இருந்திருக்கு. அந்தக் கணக்கு பத்தாந்தேதி சீட்டுல இருக்கும். உங்கப்பா சந்தோஷத்துல புதுச் சீட்டைப் பாத்துட்டாரு. நீங்க பொறந்தப்ப பழைய சீட்டைக் கிழிக்கிற நேரம் வரலைம்மா."

அதிர்ச்சி ஒரு பக்கம். அதைவிட அவமானம் இன்னொரு பக்கம். ஏனென்றால் இதை எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதே இல்லை. எங்கள் கடைசி வண்டி நள்ளிரவு தாண்டி ஒன்றே காலுக்குத்தான் டிப்போவுக்குள் நுழையும். அதை நான் எந்த நாள் தாளில் எழுதுவேன்? நேற்றைய தாளில்தான். ஊருக்கெல்லாம் தேதி மாறியிருக்கும்; டிப்போவுக்கு மாறாது. விடிகாலையில் முதல் வண்டி எடுக்கும்போதுதான் எங்களுக்கு நாள் பிறக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதில் தப்பு செய்தால், "இதுகூடத் தெரியாதா?" என்று வள்ளென்று விழுந்தது யார்? நான். சிம்மம். இருபது வருஷமாகத் தினம் தினம் அந்தத் தாளை எழுதியவளுக்கு, தானே நேற்றைய கடைசி வண்டி என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

அதைவிட மோசமான ஒன்று படியிறங்கும்போது உறைத்தது. கடகத்துக்கு எட்டாமிடம் கும்பம். சந்திரன் மீனத்துக்கு வருவதற்கு முந்தின இரண்டேகால் நாள் இருக்கும் இடம். அதாவது சண்டையெல்லாம் போட்டு முடிக்கலாம் என்று நான் ஆசை ஆசையாக ஒதுக்கி வைத்திருந்த அதே இரண்டு நாள். இத்தனை வருஷமாக என் சந்திராஷ்டமம் முழுக்க ஊர்ச் சண்டை போட்டுவிட்டு, அது விலகிய பிறகு வாயை மூடிக்கொண்டு பத்திரமாக இருந்திருக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். பாதிப் படியில் நின்று திரும்ப மேலே ஓடினேன்.

"சார், ஆயில்யம்னா மாமியாருக்கு ஆகாதுன்னு..."

"அதெல்லாம் வெறும் பேச்சும்மா. மனசுல வச்சுக்காதீங்க. உங்க மாமியார் எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"கல்யாணமாகி?"

"இருபத்திரண்டு வருஷம்."

"அப்புறம் என்ன?" என்று அவர் சிரித்தார். அவர் சொன்னதில் நட்சத்திரத்தை நம்பினேன், ராசியை நம்பினேன், சூரிய உதயத்தை நம்பினேன். ஆறுதலாகச் சொன்ன ஒன்றை மட்டும் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அத்தைக்கு மொத்தமே இரண்டு தடவை ஜலதோஷம் வந்திருக்கிறது. அந்த இரண்டு ஜலதோஷமும் இப்போது என் கண் முன்னால் வந்து நின்றன.

வீட்டுக் கதவைத் திறந்தால், அத்தை முக்காலி மேல் ஏறி நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இறங்குங்க!" என்று நான் போட்ட கூச்சலில்தான் அவர் உண்மையிலேயே ஆடிப்போனார். முக்காலி ஒரு பக்கம் சாய, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு லாவகமாகக் குதித்தார்.

"ஏம்மா, பல்புதானே மாட்டுறேன்? இப்படியா கத்துவாங்க? கொன்னுடுவ போலிருக்கே!"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் முக்காலியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாளே குளியலறையில் ரப்பர் விரிப்புப் போட்டேன். மாடிப்படிக் கைப்பிடியைத் திருகித் திருகி இறுக்கினேன். அத்தையின் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன். அவர் இருமினால் தண்ணீர், தும்மினால் வெந்நீர். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் தைலத்தை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டேன். முதல் நாள் அவர் காலை இழுத்துக்கொண்டார். "என்ன வேணும் உனக்கு? நேரடியாச் சொல்லு" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். நம்பவில்லை. இருந்தாலும் காலை நீட்டினார்.

காலை அமுக்கும்போது சும்மா இருக்க முடியாதல்லவா, அவர் பேசத் தொடங்கினார். குளத்துக்கு வந்தவர்களைப் பற்றி. தண்ணீரைக் கண்டாலே நடுங்கி, கடைசியில் கடல் பார்க்கப் போன ஒரு தபால்காரர். நீச்சல் கற்றுக்கொள்ள வந்து ஒரே வாரத்தில் காதலித்து, கல்யாணமும் ஆகி, இன்று வரை நீந்தத் தெரியாமலே இருக்கும் ஒரு ஜோடி. பல்செட்டைக் குளத்தில் தொலைத்துவிட்டு, அதற்காகத் தண்ணீரை வடிக்கச் சொன்ன ஒரு வக்கீல். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதில் ஒன்றுகூட நான் கேட்டதில்லை. ஒரு வாரம் போனதும், டிப்போவிலிருந்து கிளம்பும்போதே இன்றைக்கு வக்கீல் கதையின் மீதியைக் கேட்க வேண்டும் என்று தோன்றத் தொடங்கியது. ஆனால் அதை நான் கவனிக்கவில்லை. எனக்கு ஆயில்யம்தான் கண்ணில் தெரிந்தது.

குளம்தான் பெரிய பிரச்சனை. அவரைத் தண்ணீரில் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, "நானும் வர்றேன் அத்தை" என்று கூடவே கிளம்பினேன். அவர் நீந்த, நான் கரையோரம் அவருக்கு இணையாக நடந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, திரும்ப அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. அலுவலகச் செருப்பு. ஈரத் தரை. ஒரு திருப்பத்தில் அவர் தலையைத் தண்ணீருக்குள் விட்டுச் சற்று நேரம் வெளியே எடுக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அடுத்து நான் குளத்துக்குள் இருந்தேன்.

நான் முங்கி, எழுந்து, "அத்தை!" என்று அலறி, மறுபடி முங்கினேன். இரண்டே வீச்சில் அவர் என்னிடம் வந்து, பின்னங்கழுத்தில் பிடித்து, ஒரு மூட்டையை இழுப்பது போல் இழுத்துக் கரையில் போட்டார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தண்ணீரைக் கக்கிக்கொண்டே நான் கேட்டது, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே அத்தை?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் நாத்தனார். ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருப்பவள்; சொல்லாமல் வரமாட்டாள். கையில் பெட்டி, கண்ணெல்லாம் சிவப்பு.

"அண்ணி, எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்று என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"எதை?"

பதிலுக்கு அத்தை உள்ளேயிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "எல்லாரும் இருக்கீங்க. இப்ப மறைக்காம சொல்லுங்க. போன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனைல டாக்டர் என்ன சொன்னாரு? எனக்கு எவ்வளவு நாளு?"

என் வீட்டுக்காரர் விழித்தார். "என்னம்மா சொல்ற? எல்லாம் நார்மல்னுதானே..."

"பொய் சொல்லாத. நார்மலா இருந்தா இவ எதுக்கு என் காலை அமுக்குறா? உப்பு ஏன் கொறஞ்சுது? நேத்து இவ செத்துப் பொழைச்சு எந்திரிச்சு எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேக்குறா. நான் முப்பது வருஷம் ஜனங்களைத் தண்ணில பாத்தவ. யாரு எதுக்குப் பயப்படுறாங்கன்னு எனக்குத் தெரியும். இவ கண்ணுல சாவு பயம் இருக்கு. தனக்கில்ல, எனக்கு."

நாத்தனாரின் அழுகை கூடியது. அத்தை ஏற்கனவே தன் நீச்சல் கண்ணாடியை யாருக்குக் கொடுப்பது என்பது வரை முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. இனி மறைக்க முடியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். செயலி, சோசியர், கிழிக்காத சீட்டு, ஆயில்யம். சொல்லச் சொல்ல, மகம் ஆயில்யமானது எனக்கே ஏதோ கிரிமினல் குற்றம் போலக் கேட்டது.

பிறகு நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். "அப்ப நீங்க சிங்கம் இல்லையா அண்ணி? நண்டா?" என்றாள். என் வீட்டுக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் நிம்மதியில் சிரிப்பு வந்துவிட்டது.

அத்தை சிரிக்கவில்லை.

"அப்ப இந்த ரெண்டு வாரமும் எனக்காக இல்லையா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். சாகப் போறோம்னு தெரிஞ்சுகூட, பரவாயில்ல, இந்தப் பொண்ணுக்கு நம்ம மேல கொஞ்சம் பாசம் இருக்கேன்னு நேத்து ராத்திரி சந்தோஷமாத்தான் படுத்தேன்."

எழுந்து உள்ளே போனார். நாத்தனார் பெட்டியோடு வந்திருந்தாளே, அதே பெட்டியில் தன் துணிகளையும் வைத்துக்கொண்டு மத்தியானமே அவளோடு கிளம்பிவிட்டார். என்னிடம் "வர்றேன்" என்று சொல்லிக்கொண்டுதான் போனார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். ஆயில்யக் கணக்குப்படி எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாமியார் என் நிழல்கூடப் படாத தூரத்தில் பத்திரமாக இருக்கிறார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை தானாகத் தைலப் புட்டியைத் தேடியது. போன் செய்தேன். "நல்லா இருக்கேன்மா, நீ உன் வேலையைப் பாரு" என்றார். வக்கீலின் பல்செட் கடைசியில் கிடைத்ததா இல்லையா என்று கேட்க வாய் வரவில்லை.

"நீங்க போய்க் கூட்டிட்டு வந்துடுறீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"மாட்டிக்கிட்டவங்க உள்ளேர்ந்து கதவைத் தட்டணும். அப்பத்தான் நான் போவேன்" என்றார் அவர். தட்ட வேண்டியது நான்தான் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்குத் தொடங்கும். அதற்கு முன்னால் அத்தையோடு பஸ் ஏறிவிட வேண்டும் என்று திட்டம். இப்படி ஒரு காரியத்துக்குப் போகும்போதுகூட அந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அத்தை பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வீட்டுக்கு வாங்க அத்தை."

"ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. காலை அமுக்கினது எனக்கா, உன் நட்சத்திரத்துக்கா?"

உங்களுக்குத்தான், உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் அவர் தண்ணீரில் ஜனங்களைப் பார்த்தவர். "முதல் வாரம் நட்சத்திரத்துக்கு" என்றேன். "அப்புறம் கதை கேக்கறதுக்கு. அதுக்கப்புறம் பழக்கமாயிடுச்சு. இந்த வாரம் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"சரி" என்றார் கடைசியில். "பாதி எனக்குன்னு வச்சுக்கறேன். டீ குடிச்சுட்டுக் கிளம்பலாம்."

டீயை அவர் குடித்த மாதிரி யாரும் குடித்திருக்க முடியாது. ஊதி ஊதி, ஒவ்வொரு சொட்டாக. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை தாண்டிய பிறகுதான் கோப்பையைக் கீழே வைத்தார். "இப்பப் போகலாமா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிளம்பர், காலடியில் குழாய்களும் ஒரு கருவிப் பையும். நேரம் போயிற்று. பஸ் வரவில்லை.

"இந்த ரூட்ல இவ்வளவு நேரமா வண்டியே கெடையாதா?" என்று அத்தை கேட்டார்.

நான் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை. நான் போட்டதுதான். "நாலேகாலுக்கு ஒண்ணு போயிருக்கும். அடுத்தது ஆறு மணிக்கு."

"நடுவுல?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். "நடுவுல நாலே முக்காலுக்கு ஒண்ணு இருந்துச்சு. ராகு காலமா இருக்கேன்னு... நான்தான் அதை முன்னாடி தள்ளிட்டேன்."

அத்தை என்னையே பார்த்தார். "மேனேஜருக்குத் தெரியுமா?"

"டிரைவர் சாப்பாட்டு நேரம்னு எழுதி வச்சேன்."

"ஆக, உன்னை மட்டுமில்ல, ஊரையே உக்கார வச்சிருக்க!"

பிளம்பருக்கு முழுக்கக் காதில் விழவில்லை. டைம்டேபிள் பற்றிப் பேச்சு என்பது மட்டும் புரிந்தது. "அதை ஏங்க கேக்குறீங்க? ஞாயித்துக்கிழமையானா இதே தலைவலி. இதைப் போட்டவன் மட்டும் எங்கையில கெடைச்சான்னா..."

"இவதான்" என்றார் அத்தை, என்னைக் கைகாட்டி, கொஞ்சமும் தயங்காமல்.

அந்த மனிதருக்கு அதிர்ஷ்டத்தை நம்பவே முடியவில்லை. எழுந்து நின்றார். எத்தனை ஞாயிறு இங்கே உட்கார்ந்து காய்ந்தேன், எத்தனை வாடிக்கையாளர் கைவிட்டுப் போனார்கள், உங்களுக்கெல்லாம் மாசமானால் சம்பளம் வந்துவிடுகிறது என்று தொடங்கினார். எல்லாமே நியாயமாக இருந்தது. வழக்கமாக என்றால் சிம்மம் கர்ஜித்திருக்கும். அன்றைக்கு நண்டு மாதிரி வளைக்குள் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. அவர் விடவில்லை. மூளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை அதற்கும் டைம்டேபிளா என்று கேட்டார்.

அத்தை எழுந்து எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"போதும் நிறுத்துங்க. ஒரு தடவை சொன்னீங்க, சரி. அதுக்கு மேல என் மருமகளைத் திட்டணும்னா நான் திட்டிக்கறேன். நீங்க யாரு?"

குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கப் பழகின குரல் அது. பிளம்பர் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து, பெஞ்சில் நகர்ந்து எங்களுக்கும் இடம் கொடுத்தார். நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்து ராகு காலம் கழிவதற்குக் காத்திருந்தோம். அத்தை தன் சொல்லைக் காப்பாற்றினார்: ஆறு மணி வண்டி வரும் வரை என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். நடுநடுவே பிளம்பரும் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்த நாலே முக்கால் வண்டியைத் திரும்பப் போட்டேன். சாப்பாட்டு நேரம் என்ன ஆயிற்று என்று மேனேஜர் கேட்டார். டிரைவருக்குப் பசிக்கவில்லையாம் என்றேன்.